ஜப்பான் வண்டை அதன் எதிரிகளைக் கொண்டே அடக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரோஜா, திராட்சை, பீன்ஸ், வெண்டை எதுவானாலும் இலையின் சதையைத் தின்று நரம்பை மட்டும் மிச்சம் வைக்கும் ஜப்பான் வண்டு, வட அமெரிக்கத் தோட்டங்களுக்குள் புகுந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அதைக் கொல்லும் மருந்துகளுக்குக் குறைவில்லை. ஆனால் மருந்தடித்த தோட்டத்தில் வண்டு மட்டும் சாவதில்லை; வண்டைத் தின்ன வந்தவையும் சேர்ந்தே சாகின்றன. இங்கே பேசப்போவது அந்த எதிரிகளைப் பற்றி: ஓர் ஈ, இரண்டு குளவிகள், கண்ணுக்குத் தெரியாத நூற்புழுக்கள், சில நுண்ணுயிர்கள். அவற்றிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்று தெரிந்துகொண்டால் பாதி ஏமாற்றம் குறையும்.

மின்னும் பச்சை வண்டெல்லாம் ஜப்பான் வண்டா?

இல்லை. ஜப்பான் வண்டு ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். தலையும் மார்பும் உலோகப் பச்சை, இறக்கை மூடிகள் செம்பு நிறம். வயிற்றின் இருபக்கமும் ஐந்தைந்து வெள்ளை முடிக்கற்றைகள், பின்முனையில் இன்னும் இரண்டு. இந்த வெள்ளைக் கற்றைகள்தான் உறுதியான அடையாளம். பச்சையாக மின்னும் உள்ளூர் வண்டுகள் பல உண்டு. அவற்றைத் தவறிக் கொல்லாமல் இருக்க இந்த ஓர் அடையாளம் போதும்.

மண்ணுக்குள் இருக்கும் புழுவை அடையாளம் காண்பது கடினம். வெண்மையாக, பிறைபோல் வளைந்து கிடக்கும் வேர்ப்புழுக்கள் எல்லாம் ஒரே மாதிரி தெரியும். உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் பின்முனையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள்: ஜப்பான் வண்டின் புழுவுக்கு அங்கே குறுமுட்கள் இரண்டு வரிசையாகச் சேர்ந்து ஒரு கூர்கோணம் போல நிற்கும்.

ஜப்பானில் இது பெரிய தொல்லை இல்லை என்கிறார்கள். இங்கே மட்டும் ஏன் இத்தனை பெருக்கம்?

இந்த வண்டு அமெரிக்காவில் முதன்முதலில் 1916இல், நியூ ஜெர்சி மாநிலத்தின் ரிவர்ட்டன் அருகே ஒரு நாற்றுப்பண்ணையில் கண்டறியப்பட்டது. வெளிநாட்டுச் செடிகளைச் சோதித்து அனுமதிக்கும் சட்டம் 1912இல்தான் வந்தது. அதற்கு முன்பே ஐரிஸ் செடியின் கிழங்குகளோடு ஒட்டிய மண்ணில் புழுவாக வந்திருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. கனடாவில் 1939இல் நோவா ஸ்கோஷியாவின் யார்மத் துறைமுகத்தில், படகில் வந்திறங்கிய ஒரு சுற்றுலாப் பயணியின் காரில் முதலில் பிடிபட்டது.

சொந்த ஊரில் அதைத் தின்னும் குளவியும் ஈயும் அதனோடு வாழ்ந்தன; கடல் கடந்தபோது அவை கூட வரவில்லை. இது ஒரு காரணம். இதை மட்டுமே காரணமாகச் சொல்வது சரியல்ல. வேர்ப்புழு வளர ஈரமான புல்தரை வேண்டும். மலைகள் நிறைந்த ஜப்பானில் அது குறைவு. அமெரிக்காவிலோ வீட்டுக்கு வீடு தண்ணீர் பாய்ச்சி வளர்த்த புல்தரை. முட்டையிட இதைவிட வசதியான நிலம் அதற்கு எங்கும் கிடைத்திருக்காது. எதிரிகளைக் கொண்டுவருவதோடு உங்கள் புல்தரையையும் கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

எதிரிகளைத் தேடி ஜப்பானுக்குப் போனார்களா?

போனார்கள். 1920 முதல் 1933 வரை அமெரிக்க வேளாண்துறையின் பூச்சியியலாளர்கள் ஜப்பான், கொரியா, சீனா உள்ளிட்ட நாடுகளில் அலைந்து ஏறத்தாழ 49 வகை எதிரிகளைக் கொண்டுவந்தார்கள். அவற்றில் நிலைத்து நின்றவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றிலும் பரவலாகப் பயன் தருபவை இரண்டே: வசந்தகாலத்தில் வரும் டிஃபியா வெர்னாலிஸ் என்ற குளவி, இஸ்டோகீட்டா ஆல்ட்ரிச்சி என்ற ஈ. இதைத் தோல்வி என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஓர் உயிரினம் புதிய கண்டத்தில் குளிர்காலத்தைத் தாண்டி, இரை கிடைக்கும் வாரத்தில் சரியாக வெளியே வந்து, அந்த நேரத்தில் தனக்கான தேனையும் கண்டுபிடித்து வாழ வேண்டும். அப்படி இரண்டு நிலைத்ததே பெரிய காரியம்.

எந்த எதிரி எப்போது தாக்கும்?

இதற்கு வண்டின் ஓராண்டு வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள வேண்டும். இடத்துக்கு இடம் சில வாரங்கள் முன்பின் ஆகலாம்; வரிசை மாறாது.

ஜூன் இறுதி அல்லது ஜூலையில் வண்டுகள் மண்ணிலிருந்து வெளியே வரும். ஒரு வண்டு 30 முதல் 45 நாள் உயிர்வாழும். பெண் வண்டு பகலில் இலை தின்று, மாலையில் புல்தரைக்குள் இறங்கி முட்டையிடும். வாழ்நாளில் 40 முதல் 60 முட்டைகள். ஏறத்தாழ இரண்டு வாரத்தில் முட்டை பொரிந்து, புழு புல்லின் வேரைத் தின்னத் தொடங்கும். இலையுதிர்காலத்துக்குள் நன்கு வளர்ந்து, குளிர் வந்ததும் ஆழத்துக்கு இறங்கிவிடும். வசந்தத்தில் மேலே வந்து சிறிது காலம் தின்று, மே, ஜூனில் கூட்டுப்புழுவாகும்.

ஈ தாக்குவது ஜூலையில், இலைமேல் இருக்கும் வண்டை. நூற்புழுவைத் தெளிக்க வேண்டியது ஆகஸ்ட், செப்டம்பரில், இளம் புழுக்களுக்கு. வெர்னாலிஸ் குளவி தேடிவருவது குளிர்காலத்தைத் தாண்டிய பெரிய புழுவை, வசந்தத்தில். ஜூலையில் வண்டைப் பார்த்துவிட்டு அன்றைக்கே நூற்புழு வாங்கி ஊற்றுபவர்கள் பணத்தை மண்ணில் கொட்டுகிறார்கள். அப்போது தரைக்குள் புழுவே இருப்பதில்லை.

வண்டின் முதுகில் வெள்ளைப் புள்ளி இருக்கிறது. அது என்ன?

தலைக்குப் பின்னால், பச்சை மார்பின் மேல், வெண்ணிறமாக ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு மணி என்றால் அது இஸ்டோகீட்டா ஈயின் முட்டை. வயிற்றோரத்தில் உள்ள வெள்ளைக் கற்றைகளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அவை எல்லா வண்டுக்கும் உண்டு.

இந்த ஈ பெரும்பாலும் பெண் வண்டுகளைத் தேடி முட்டையை ஒட்டுகிறது. இரண்டு வாரத்தில் நூறு முட்டைவரை இடக்கூடியது. ஒரு நாளுக்குள் முட்டை பொரிந்து, ஈயின் புழு நேராக வண்டின் உடலுக்குள் துளைத்து இறங்குகிறது. வண்டு மண்ணுக்குள் புதைந்து ஐந்தாறு நாளில் இறந்துபோகிறது. முட்டை இட்டு முடிப்பதற்கு முன்பே பெண் வண்டு சாகிறது என்பதுதான் இதன் பெருமதிப்பு. ஈ அந்த வண்டின் ஓட்டுக்குள்ளேயே கூட்டுப்புழுவாகிக் குளிர்காலத்தைக் கழிக்கிறது. அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒன்டாரியோ, கியூபெக் மாகாணங்களிலும் இது நிலைபெற்றிருக்கிறது.

குறை ஒன்று உண்டு. பல இடங்களில் ஈ வண்டுக்கு முன்பே வெளியே வந்துவிடுகிறது. வண்டுக்கூட்டம் உச்சத்தை எட்டும்போது ஈயின் காலம் முடிந்துவிடும்.

உங்களால் செய்ய முடிந்த உதவி மிக எளிது. வண்டுகளைச் சோப்புத் தண்ணீரில் உதறும்போது வெள்ளை மணி உள்ளவற்றை மட்டும் விட்டுவிடுங்கள். அந்த வண்டு இன்னும் சில நாள் இலை தின்னும் என்பது உண்மைதான். ஆனால் அதற்குள் வளர்வது அடுத்த ஆண்டின் ஈ. ஒரு சில இலைகளைக் கொடுத்து அதை வாங்கிக்கொள்ளத் தயங்கக் கூடாது.

குளவி என்றால் கொட்டாதா? குழந்தைகள் விளையாடும் இடம்.

டிஃபியா குளவிகள் கூட்டமாகக் கூடு கட்டுபவை அல்ல. தனித்து வாழ்பவை, காக்க வேண்டிய கூடு இல்லாததால் மனிதர்களைத் துரத்துவதில்லை. பார்ப்பதற்கு இறக்கை முளைத்த பெரிய கறுப்பு எறும்புபோல இருக்கும். புல்தரைக்கு மேலே தாழப் பறந்துகொண்டிருப்பதைக் கண்டு பலர் மருந்தடிக்கிறார்கள். தயவுசெய்து அடிக்காதீர்கள்.

பெண் குளவி மண்ணைத் தோண்டி இறங்கி, வேர்ப்புழுவைக் கொட்டிச் சிறிது நேரம் செயலிழக்கச் செய்கிறது. அதன் உடல் மடிப்பில் ஒரே ஒரு முட்டையை ஒட்டிவிட்டு வெளியேறுகிறது. வேர்ப்புழு மீண்டும் அசையத் தொடங்கும். ஆனால் பொரிந்து வரும் குளவிப்புழு அதன் மேல் ஒட்டியபடியே உறிஞ்சி, கடைசியில் தலையோட்டையும் கால்களையும் தவிர அனைத்தையும் தின்று முடித்துவிடும்.

வளர்ந்த குளவிக்கு உணவு தேனும், அசுவினிகள் இலைமேல் விடும் இனிப்பு நீரும். வெர்னாலிஸ் பறக்கும் வசந்தத்தில் பியோனி, ஃபோர்சித்தியா, டூலிப் மரம் இருந்தால் அங்கே கூடுகிறது. மற்றொரு குளவியான டிஃபியா பாப்பிலியாவோரா கோடையின் இறுதியில் வரும். அதற்குப் பிடித்தவை காட்டு கேரட் போன்ற குடைவடிவப் பூங்கொத்துகள். குளவியை விலைக்கு வாங்கிவிட முடியாது. பூவைத்து அழைக்க முடியும். புதிதாக ஏதாவது நட இடம் இருந்தால் முதலில் பியோனியை நடச் சொல்வேன்: வேலியோரத்தில் ஒன்றிரண்டு இருந்தாலும் குளவிக்குப் பயன்படும்.

பால்நோய்த் தூள் வாங்கலாமா?

பால்நோய் என்பது பேனிபேசில்லஸ் பாப்பிலியே என்ற பாக்டீரியாவால் வருவது. 1933இல் நியூ ஜெர்சியில் கண்டறியப்பட்டது. நோய் கண்ட வேர்ப்புழுவின் உடல்நீர் பால்போல் வெளுத்துவிடும். அதனால் அந்தப் பெயர். 1939 முதல் 1950களின் தொடக்கம்வரை அரசே இதன் வித்துகளைப் பல மாநிலங்களில் தூவியது. அமெரிக்காவில் பூச்சிக்கொல்லியாகப் பதிவுசெய்யப்பட்ட முதல் நுண்ணுயிரும் இதுவே. மண்புழு, தேனீ, மனிதர் எதற்கும் கெடுதல் இல்லை. ஜப்பான் வண்டின் புழுவை மட்டுமே பிடிக்கும்.

இத்தனை நல்ல பெயர் இருந்தும், வாங்கச் சொல்ல மாட்டேன். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் ஆகும் என்பது ஒருபுறம். பாக்டீரியா பெருக மண் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும்; குளிர்ந்த மாநிலங்களில் அது நடப்பதில்லை. நிலத்தில் நிறையப் புழு இருந்தால்தான் நோய் பரவும். கென்டக்கி, ஒஹாயோவில் பின்னாளில் செய்த சோதனைகளில் கடைத்தூள் சொல்லத்தக்க பலன் தரவில்லை. அதே பணத்துக்கு நூற்புழு வாங்குங்கள்.

நூற்புழு எப்படி வேலை செய்கிறது? எதை வாங்க வேண்டும்?

தோட்டக்காரர் கையில் உள்ள ஆயுதங்களில் நான் முதலில் வைப்பது இதைத்தான். ஆனால் உயிருள்ள பொருள் என்பதை மறந்து, தூளைக் கரைத்து ஊற்றுவதுபோல் ஊற்றினால் ஒன்றும் நடக்காது.

வாங்க வேண்டியது ஹெட்டெரோராப்டைட்டிஸ் பாக்டீரியோஃபோரா. பொட்டலத்தில் இந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் ஸ்டைனர்னீமா கார்ப்போகாப்சே மண்ணின் மேற்பரப்பில் காத்திருந்து, அருகே வரும் பூச்சியைப் பிடிக்கும் வகை. ஆழத்தில் அசையாமல் கிடக்கும் வேர்ப்புழுவிடம் அது போகாது. ஹெட்டெரோராப்டைட்டிஸ் மண்ணுக்குள் நகர்ந்து தேடிப் போகும். வேர்ப்புழுவின் வாய், மூச்சுத்துளை, மெல்லிய தோல் என்று ஏதாவது ஒரு வழியில் உள்ளே நுழைந்து, தன் குடலில் சுமந்து வந்த பாக்டீரியாவை விடுகிறது. கொல்வது அந்த பாக்டீரியாதான். பெரும்பாலும் இரண்டு நாளில் முடிந்துவிடும். இறந்த புழு செங்கல் நிறமாக மாறும். ஃபோட்டோராப்டஸ் என்ற அந்த பாக்டீரியாவுக்கு ஒளிவிடும் இயல்பும் உண்டு: நல்ல இருட்டில் செத்த புழு மங்கலாக ஒளிரும்.

தெளிக்கும் காலம் ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் முடியும்வரை. புழு சிறியதாகவும் மண் 15 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெதுவெதுப்பாகவும் இருக்க வேண்டும். வசந்தத்தில் தெளித்தால் புழு பெரிதாகிவிட்டிருக்கும், மண்ணும் குளிர்ந்திருக்கும், பலன் குறைவு.

அளவு ஒரு சதுர மீட்டருக்கு 2,50,000 நூற்புழுக்கள். பெரிய எண்ணாகத் தோன்றும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 25 என்று வகுத்துப் பார்த்தால் அதிகமில்லை. வந்ததும் குளிர்பெட்டியில் வையுங்கள், உறைய விடாதீர்கள், தேதி கடக்குமுன் பயன்படுத்துங்கள். ஒரு சொட்டுக் கரைசலை உருப்பெருக்கியில் பார்த்தால் உயிருள்ளவை நெளிவது தெரியும். நேராகக் கோடுபோல் அசையாமல் கிடந்தால் செத்தவை, திருப்பிக் கேளுங்கள்.

வெயில் அவற்றைக் கொன்றுவிடும். அதனால் மாலையில் அல்லது மழைத்தூறலில் தெளியுங்கள். தெளிக்குமுன் புல்தரையை நனைத்துக்கொள்ளுங்கள். தெளிப்பானில் மெல்லிய வடிகட்டி இருந்தால் கழற்றிவிடுங்கள், பூவாளி போதும். தெளித்த உடனே இன்னொருமுறை நீர் விட்டு அவற்றை வேர்ப்பகுதிக்குள் இறக்குங்கள். அடுத்த இரண்டு வாரம் மண் காயக் கூடாது. நூற்புழு நகர்வது மண்துகள்களுக்கிடையே உள்ள நீர்ப்படலத்தில்தான். அந்தப் படலம் வற்றினால் அவற்றின் பயணம் அங்கேயே நின்றுவிடும். பலன் இல்லை என்று சொல்பவர்களிடம் விசாரித்தால் பெரும்பாலும் தவறு இந்த ஈரத்தில்தான் இருக்கும்.

பி.டி. (பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா) மருந்து இதற்கு உதவுமா?

எந்த வகை என்பதைப் பொறுத்தது. காய்கறித் தோட்டங்களில் பரவலாகப் பயன்படும் குர்ஸ்டாகி வகை அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சிப் புழுக்களுக்கானது. வண்டை ஒன்றும் செய்யாது. கேலரியே வகைதான் வண்டுக்கு வேலை செய்கிறது.

ஓவாவெசிகுலா என்று ஒன்று சொல்கிறார்களே, எங்கே கிடைக்கும்?

விற்பனைக்கு இல்லை. ஆனாலும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. ஓவாவெசிகுலா பாப்பிலியே என்பது 1980களில் கனெக்டிகட் மாநிலத்தில் ஜப்பான் வண்டில் கண்டறியப்பட்ட ஓர் ஒட்டுண்ணி நுண்ணுயிர். வண்டின் கழிவுநீக்கக் குழாய்களைத் தாக்குகிறது. கடுமையாகத் தொற்றிய புழுக்கள் குளிர்காலத்தைத் தாண்டுவதில்லை. தொற்றிய பெண் வண்டு குறைவாகவே முட்டையிடுகிறது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தினர் 2000ஆம் ஆண்டுவாக்கில் இதை மிச்சிகனில் விட்டுப் பார்த்தார்கள். பரவச் சில ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. பரவிய இடங்களில் வண்டின் எண்ணிக்கை இறங்கியது. மெதுவாகவே ஆனாலும், யாரும் மீண்டும் மீண்டும் தெளிக்காமல் தானே தொடர்கிறது. எல்லா மாநிலத்துக்கும் இதைக் கொண்டுசெல்லும் முயற்சிக்குப் பொதுப்பணம் செலவிடுவது நியாயமானது என்று நினைக்கிறேன்.

பை தொங்கும் கவர்ச்சிப் பொறிகளை வைக்கலாமா?

வேண்டாம். பூமணமும் இனக்கவர்ச்சி மணமும் கலந்த அந்தப் பொறி, பிடிப்பதைவிட அதிகமான வண்டுகளை அழைத்துவருகிறது. கென்டக்கி பல்கலைக்கழகம் 1980களிலேயே இதைச் சோதித்துக் காட்டிவிட்டது. பை நிறைவதைப் பார்த்து மனம் மகிழும். பக்கத்து ரோஜாவில் சேதம் கூடும்.

கோழியும் பறவையும் போதாதா?

மைனா இனத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங், ராபின் போன்ற பறவைகள் வேர்ப்புழுவைக் கொத்தும். கோழியும் விரும்பித் தின்னும். எறும்புகளும் தரைவண்டுகளும் முட்டைகளைச் சாப்பிடுகின்றன. யாரும் கவனிக்காத பெரிய உதவி இது. ஸ்கங்க், ரக்கூன் இரண்டும் புழுவுக்காகப் புல்தரையையே உரித்துப்போடும். அவை வந்தால் கீழே புழு நிறைய இருக்கிறது என்ற தகவல் மட்டும்தான் லாபம்.

ஜெரேனியம் பூ வண்டை மயக்குமாமே?

உண்மை. ஜெரேனியத்தின் இதழைத் தின்ற ஜப்பான் வண்டு அரைமணி நேரத்துக்குள் கைகால் விழுந்து மல்லாந்துவிடும். காரணம் குவிஸ்குவாலிக் அமிலம். நம்மில் பலருக்குத் தெரிந்த ரங்கூன் மல்லிக்கொடியின் விதையில் உள்ள அதே பொருள். ஒரு நாளுக்குள் வண்டு எழுந்துவிடும். இடையில் எறும்போ பறவையோ கண்டு தின்றால்தான் பலன். இதை நம்பிச் செடி நட வேண்டாம்.

ஒரு பூச்சியை ஒழிக்க இன்னொரு வெளிநாட்டு உயிரைக் கொண்டுவருவது ஆபத்தில்லையா?

ஆபத்து உண்டு, கேட்க வேண்டிய கேள்வி. கரும்பு வண்டைத் தின்னும் என்று 1935இல் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவரப்பட்ட கரும்புத் தேரை, வண்டை அடக்கவில்லை. தானே பெருகி உள்ளூர் விலங்குகளைக் கொன்றது. 1906இல் அமெரிக்காவில் விடப்பட்ட காம்ப்சிலூரா ஈ, குறிவைத்த அந்துப்பூச்சியோடு நிற்காமல் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்களைத் தாக்கியது. அழகான உள்ளூர்ப் பட்டு அந்துகள் அருகியதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. இரண்டுக்கும் பொதுவான குறை: எதையும் தின்னும் உயிரைத் தேர்ந்தெடுத்தது.

குறிப்பிட்ட இரையை மட்டும் நாடும் எதிரி என்றால் கதை வேறு. நமக்கெல்லாம் தெரிந்த தென்னையின் காண்டாமிருக வண்டு 1909இல் இலங்கையிலிருந்து ரப்பர் நாற்றுகளோடு சமோவா தீவுக்குப் போய் அங்கே தென்னைகளை அழித்தது. 1963இல் மலேசியாவில் அந்த வண்டைத் தாக்கும் வைரஸ் ஒன்றை அலோய்ஸ் ஹூகர் கண்டறிந்தார். 1967இல் சமோவாவில் விட்டார்கள். வண்டின் பெருக்கம் பல ஆண்டுகளுக்கு அடங்கியது.

இன்று அமெரிக்காவில் புதிய எதிரி எதையும் வேளாண்துறையின் அனுமதி இல்லாமல் விட முடியாது. அதன் உணவு வரம்பைத் தனியறையில் சோதித்த பிறகே அனுமதி. இந்தத் தாமதத்தைக் குறைசொல்பவர்கள் தேரையை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இவற்றோடு மருந்தும் அடிக்கலாமா?

முடிந்தவரை வேண்டாம். கட்டாயம் என்றால் காலம் பார்த்து. இமிடாகுளோப்ரிட் என்ற மருந்தை வசந்தத்தில் புல்தரைக்கு இட்டால், வெர்னாலிஸ் குளவி வேர்ப்புழுவில் முட்டையிடுவது குறைகிறது என்று கென்டக்கி பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. பூத்திருக்கும் செடிக்கு அடித்தால் தேனீக்கும் கேடு.

முதலில் தேவையா என்று பாருங்கள். செப்டம்பரில் ஒரு சதுர அடிப் புல்லை மூன்று பக்கம் வெட்டிப் புரட்டிப் புழுக்களை எண்ணுங்கள். சில இடங்களில் இப்படிப் பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். நன்கு வேரூன்றிய புல்தரை பத்துப் புழுவரை வாடாமல் தாங்கும். புல்லை உயரமாக வெட்டினால் வேர் ஆழமாகும். ஜூலை, ஆகஸ்டில் புல்லுக்கு நீரைக் குறைத்தால் முட்டைகள் காய்ந்து பொரியாமல் போகும். செலவே இல்லாத வழி இது. பலரும் செய்யத் தயங்குவதும் இதுதான், புல் சில வாரம் பழுப்பாகத் தெரியும் என்பதால்.

இலைமேல் உள்ள வண்டைக் காலைக் குளிரில், அது சோம்பிக் கிடக்கும்போது, சோப்புத் தண்ணீரில் தட்டிவிடுங்கள். கடிபட்ட இலை விடும் மணமே மற்ற வண்டுகளை இழுக்கிறது. ஆகவே பருவத்தின் முதல் வாரத்தில் பொறுக்குவதற்கு இருக்கும் பலன் பின்னால் இருக்காது.

எத்தனை ஆண்டில் வண்டு இல்லாமல் போகும்?

இல்லாமல் போகாது. வண்டு முழுவதும் அழிந்தால் அதை நம்பி வாழும் ஈயும் குளவியும் அழியும். குறைந்த எண்ணிக்கையில் இரண்டும் நிற்பதே இந்த முறையின் வெற்றி. மேலும் வண்டு பறந்து வருவது. உங்கள் நிலத்தில் புழு இல்லாவிட்டாலும் அடுத்த தெருவிலிருந்து வரும். நூற்புழுவின் பலனை அதே இலையுதிர்காலத்தில் மண்ணைப் புரட்டிப் பார்க்கலாம். குளவி, ஈ பெருகப் பல ஆண்டுகள் வேண்டும். அக்கம்பக்கத்தாரும் மருந்தைக் குறைத்தால் விரைவாகும்.

எங்கள் பகுதியில் இந்த வண்டு இதுவரை இருந்ததில்லை. இப்போது ஒன்றைக் கண்டேன். நூற்புழு ஊற்றட்டுமா?

முதலில் பிடித்து அடைத்து வையுங்கள், படம் எடுங்கள், உங்கள் பகுதியின் வேளாண் அல்லது தாவரப் பாதுகாப்பு அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். புதிதாக நுழைந்த இடத்தில் நோக்கமே வேறு: அங்கே முற்றாக ஒழிக்க முயல்கிறார்கள். கனடாவின் வான்கூவரில் 2017இல் கண்டதும் அப்படித்தான் நடவடிக்கை தொடங்கியது. இத்தாலியில் 2014இல் மிலான் அருகே டிசினோ ஆற்றுச் சமவெளியிலும், 2017இல் சுவிட்சர்லாந்தின் டிசினோ மாநிலத்திலும் வண்டு தென்பட்ட பிறகு, ஐரோப்பிய ஒன்றியம் இதை முன்னுரிமைப் பூச்சியாக வகைப்படுத்தியிருக்கிறது. இத்தாலியப் புல்வெளிகளில் நூற்புழுவையும் பயன்படுத்தினார்கள். தகவல் தெரிவித்த பிறகு அவர்கள் சொல்லும்வரை அந்தத் தோட்டத்து மண்ணையோ, வேரோடு கூடிய செடியையோ, வெட்டிய புல்லையோ வெளியே கொண்டுபோகாதீர்கள்.